டாப் கியர் போன லாரி

நேயர்களுக்கு வணக்கம். லாரிப் பட்டறையில் காலம் கழித்தவன் என்பதால் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவேன் என்று என்னை அழைத்தவர்கள் நினைத்திருப்பார்கள். எஞ்சின் கெட்டால் ஊருக்கே தெரிந்துவிடும்: புகை வரும், வண்டி நிற்கும், முதலாளி தொலைபேசியில் கத்துவார். சத்தமில்லாமல் கெட்டுப்போய், கெட்ட பிறகும் வண்டியை ஓடவிடும் ஒரு பழுதைப் பற்றிச் சொல்லவே வந்தேன். கையால் கியர் மாற்றும் லாரியில் டாப் கியர், அதாவது ஐந்து கியர் வண்டியில் ஐந்தாவது, போவது அந்த வகை.

நம் சிங்கப்பூரில் டாப் கியர் இல்லாமலே ஒரு லாரி வாரக்கணக்கில் ஓடும். உச்ச எடை 3,500 கிலோவைத் தாண்டிய லாரிக்கு விரைவுச்சாலையிலும் 60 கிலோமீட்டர் வேகம்தான் அனுமதி. அதற்குக் குறைந்த லாரிக்கு 70. ஐந்து கியர் உள்ள பெரும்பாலான சிறிய, நடுத்தர லாரிகளில் நாலாம் கியரின் விகிதம் 1, அதாவது வெளியே போகும் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற எஞ்சினும் ஒரு சுற்று; ஐந்தாவது ஏறக்குறைய 0.72. ஐந்தில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலில் அதே வேகத்துக்கு 2,080 சுற்று வேண்டும். டீசல் எஞ்சினுக்கு அது பெரிய பாரமில்லை. சத்தம் கூடும், டீசல் செலவு கூடும், அவ்வளவுதான். நீண்ட நெடுஞ்சாலைகள் உள்ள நாட்டில் ஓட்டுநர் முதல் நாளே புலம்பிவிடுவார். துவாஸிலிருந்து சாங்கி வரைதான் நம் உலகம் என்பதால் இங்கே யாரும் புலம்புவதில்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கியர்பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். நாலாம் கியர் நேர் கியர். எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்டும் பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சுழலும். பல்சக்கரங்கள் சுமை தாங்க வேண்டியதில்லை. ஐந்தாம் கியரில் சுமை கீழே உள்ள கவுண்டர் ஷாஃப்டுக்கு இறங்கும். அங்கே ஒரு பெரிய பல்சக்கரம் மேலே உள்ள சிறிய பல்சக்கரத்தை வேகமாகச் சுழற்றும். ஓட்டுநருக்கு ஓய்வாகத் தோன்றும் கியர், பெட்டிக்கு ஓய்வு தருவதில்லை. சில பெட்டிகளில் இந்த ஐந்தாம் பல்சக்கரம் முதன்மைக் கூட்டுக்கு வெளியே, பின்முனையில் தனியாக உட்கார்ந்திருக்கும்.

அமெரிக்காவில் இதற்குப் பேர்போன ஓர் உதாரணம் உண்டு. டாட்ஜ் ராம் பிக்கப் வண்டிகளில் கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் எஞ்சினோடு 1990களில் வந்த என்வி4500 என்னும் பெட்டி. அதில் ஐந்தாம் பல்சக்கரத்தை ஷாஃப்டோடு பிடித்து வைப்பது ஒரு பெரிய நட்டு. டீசல் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் ஷாஃப்டை முறுக்கி விடுகிறது. குறைந்த சுற்றில், அதிகச் சுமையோடு, ஐந்தில் இழுக்கும்போது அந்த அதிர்வு மிகக் கூடும். நட்டு மெல்ல மெல்லத் தளரும். பல்சக்கரம் பின்னால் நகரும். ஒரு நாள் கியர் தண்டு ஐந்தில் விழும், வண்டி மட்டும் இழுக்காது. மற்ற நான்கு கியரும் நன்றாகவே இருக்கும். நட்டை மட்டும் முறுக்கி அனுப்பியவர்களிடம் அந்த வண்டிகள் மறுபடியும் வந்து நின்றன. பல்சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றும் ஷாஃப்டின் வரிப்பற்கள் தேய்ந்திருந்தால் ஷாஃப்டையே மாற்றினால்தான் தீரும்.

நம் ஊர் ஜப்பானிய லாரிகளின் அமைப்பு அப்படியே இதுவல்ல. பலவற்றில் நாலும் ஐந்தும் ஒரே கவையால், அதாவது கியரைப் பூட்டும் வளையத்தைத் தள்ளும் முள்கரண்டி போன்ற துண்டால், நகரும். ஆனால் அதிர்வும் சுமையும் எல்லா ஊரிலும் ஒன்றே. புக்கிட் தீமா விரைவுச்சாலை ஏற்றத்திலோ மேம்பாலத்திலோ நிறைசுமையோடு, 1,000 சுற்றில் திணறத் திணற ஐந்திலேயே வைத்து ஏறும் ஓட்டுநர்களைப் பார்க்கிறேன். டீசல் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. ஒரு கியர் இறக்கினால் என்ன குறைந்துவிடும்?

இனி, ஐந்து போய்விட்டது என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எப்படிப் போனது? விழவே மாட்டேன் என்கிறதா, விழுந்து வெளியே துள்ளுகிறதா, விழுந்தும் இழுக்கவில்லையா, இழுக்கிறது ஆனால் உறுமுகிறதா? நான்கும் நான்கு வேறு நோய்கள்.

விழவில்லை என்றால் பெட்டியைத் தொடாதீர்கள். நம் லாரிகளில் ஓட்டுநர் எஞ்சினுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். கியர் தண்டுக்கும் பெட்டிக்கும் நடுவே பெரும்பாலும் இரண்டு கேபிள்கள் ஓடுகின்றன. ஒன்று வரிசையைத் தேர்ந்தெடுக்க, மற்றொன்று கியரை விழச்செய்ய. அவற்றின் முனையில் உள்ள புஷ் என்னும் சிறு உறை வளையம் தேய்ந்தாலோ கேபிள் இளகினாலோ தண்டு கடைசி வரை நகர்ந்தும் பெட்டியில் உள்ள கை பாதியில் நின்றுவிடும். எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் தண்டை நகர்த்த, ஒருவர் கீழிருந்து அந்தக் கையைப் பார்க்கட்டும். கேபிளைக் கழற்றிவிட்டுக் கையாலேயே தள்ளும்போது கியர் விழுந்தால், உங்கள் பழுது சில வெள்ளி விலையுள்ள புஷ்ஷில் இருக்கலாம். இதைப் பார்க்காமலே பெட்டியை இறக்கச் சொல்லும் பட்டறைகள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

துள்ளி வெளியே வருவது வேறு கதை. காலை எடுத்தவுடன், அல்லது இறக்கத்தில், ஐந்து நழுவி நியூட்ரலில் விழும். பூட்டும் பற்கள் முனை மழுங்கியிருக்கலாம், கவை வளைந்திருக்கலாம், தண்டை இடத்தில் நிறுத்தும் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தாலும் இப்படி ஆகும். ஓட்டுநர்கள் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் இடது கையால் தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டுவது. அந்த அழுத்தம் நேரே கவையின் முனைக்குப் போய், சுழலும் வளையத்தில் உரசி, மிச்சமிருப்பதையும் தேய்க்கும். மாலையில் பின்தட்டில் தொழிலாளர்கள் உட்கார்ந்திருக்க, இறக்கத்தில் கியர் நழுவினால் எஞ்சின் பிடிமானமும், புகைக்குழாயை அடைத்து எஞ்சினால் வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் ஒரே நொடியில் இல்லாமல் போகும். அந்த லாரியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது என் கருத்து. நாலில் வைத்து ஓட்டிக்கொள்கிறேன் என்றாலும், நாலும் ஐந்தும் ஒரே வளையத்தைப் பகிரும் பெட்டியாக இருந்தால் நாளை நாலும் நழுவும்.

உறுமலுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. நாலில் அமைதி, மற்ற எல்லாவற்றிலும் உறுமல் என்றால் கவுண்டர் ஷாஃப்டின் பேரிங்கைச் சந்தேகியுங்கள். ஐந்தில் மட்டும் என்றால் ஐந்தாம் பல்சக்கரம்.

இழுக்கவே இல்லை என்றால் பல் முறிந்திருக்கிறது, வரிப்பற்கள் தேய்ந்திருக்கின்றன அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. இந்த நிலையில்தான் "நாலு கியர் போதும் அண்ணே" என்ற பேச்சு ஆபத்தானது. ஐந்து கியருக்கும் ஒரே எண்ணெய். ஐந்தாம் பல்லிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள் மற்ற எல்லாப் பேரிங்கையும் சுற்றி வரும். எண்ணெய் வடிக்கும் திருகில் காந்தம் இருக்கும். அதைக் கழற்றிப் பாருங்கள். மாவுபோல் கரும்பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு இருந்தால் அந்த வண்டி அன்றே நிற்க வேண்டும்.

நின்ற வண்டியை இழுப்பதிலும் ஒரு விஷயம். எஞ்சின் ஓடாதபோது கவுண்டர் ஷாஃப்ட் சுழலாது. அது சுழன்றால்தான் எண்ணெய் மேலே தெறிக்கும். பின்சக்கரம் தரையில் உருள லாரியை இழுத்துக்கொண்டு போனால் மேல் ஷாஃப்ட் மட்டும் எண்ணெய் இல்லாமல் சுழன்று எரிந்துபோகும். நியூட்ரலில்தானே இருக்கிறது என்பது சமாதானமாகாது. இழுப்பதற்கு முன், பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிக் கட்டுங்கள், அல்லது பின்சக்கரங்களைத் தூக்கச் சொல்லுங்கள். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட வாகன நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்து வைக்கும். அங்கிருந்து பட்டறைக்குப் போகும் செலவு உங்களுடையது. பெட்டியில் ஓசை கேட்டபடியே காலாங்-பாய லேபார் விரைவுச்சாலைக்குள் நுழையாதீர்கள். ஏறக்குறைய 9 கிலோமீட்டர் சுரங்கம் அது. நடுவில் நின்றால் பின்னால் வருபவர்கள் உங்கள் குலத்தையே விசாரிப்பார்கள்.

இனிப் பணம். பெட்டியை இறக்கி ஐந்தாம் பல்சக்கரத்தை மட்டும் மாற்றுவதா, முழுவதும் பிரித்துச் சீர்படுத்துவதா, பழைய வண்டியிலிருந்து கழற்றிய பெட்டியைப் போடுவதா? முதலில், வண்டி வைத்திருக்க அனுமதி தரும் உங்கள் வாகன உரிமைச் சான்றிதழில் (சிஓஇ) எத்தனை காலம் மிச்சம் என்று பாருங்கள். லாரிக்குச் சட்டம் தரும் ஆயுள் 20 ஆண்டு. 18 ஆண்டு ஓடிய வண்டிக்கு முழுச் சீரமைப்பு வீண். வரலாறு தெரிந்த பழைய பெட்டி போதும். சான்றிதழை இப்போதுதான் புதுப்பித்திருக்கிறீர்கள் என்றால் பிரிப்பதே மேல், பிரிக்கும்போதே கிளட்ச்சையும் பார்த்துவிடலாம், கூலி ஒருமுறைதான். 10 ஆண்டைத் தாண்டிய லாரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகிறதே, அங்கே கண்டுபிடிக்க மாட்டார்களா என்று கேட்பார்கள். பிரேக், புகை, விளக்கு எல்லாம் பார்ப்பார்கள். கியர்பெட்டியைத் திறந்து பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

கண்டுபிடிக்கக் கூடியவர் ஓட்டுநர் ஒருவர்தான். அவருக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும். தண்டு நடுங்குவது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். பிறகு ஏன் சொல்வதில்லை? "நீதான் கெடுத்தாய்" என்று சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம். ஊரிலிருந்து கடன் வாங்கி வந்த தம்பி வாய் திறக்க மாட்டான். முதலாளிமார்களே, சொன்னவனைத் திட்டுகிற இடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். 300 வெள்ளியில் முடிய வேண்டியது பெட்டி விலைக்குப் போய் நிற்கும். வண்டிக்குள் ஒரு நோட்டு வைத்து, அன்றன்று கேட்ட சத்தத்தை அவரவர் மொழியில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதினால் பட்டறையில் படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும்.

கடைசியாக எண்ணெய். எல்லாக் கியர்பெட்டிக்கும் ஒரே எண்ணெய் என்று நினைத்து, பின் ஆக்ஸிலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 எண்ணெயையே இதிலும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கூடுதலாகச் சேர்க்கும் கந்தகக் கலவை சில பெட்டிகளில் கியர் விழும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கும். சில ஜப்பானிய லாரிகளுக்கு எஞ்சின் எண்ணெயையே பெட்டிக்கும் ஊற்றச் சொல்கிறது தயாரிப்பாளரின் கையேடு. அதில் எழுதியிருப்பதை ஊற்றுங்கள், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வேண்டாம். பழுது பார்த்த பிறகு கழற்றிய பல்சக்கரத்தையும் நட்டையும் கேட்டு வாங்கிக் கண்ணால் பாருங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை வடித்து, அந்தக் காந்தத்தை மறுபடியும் துடைத்துப் பாருங்கள். சில்லு இருந்தால் வண்டியோடு நேரே பட்டறைக்குப் போய், திருகை அவர்கள் மேசையிலேயே வையுங்கள். வணக்கம்.