சிவப்பு அட்டையில் ஓர் ஆயுள்

மதிப்பிற்குரிய பெரியோர்களே, தோட்டத்து உறவுகளே, வணக்கம்.

நாம் கூடியிருக்கும், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில்தான் 1948 ஜூன் 16ஆம் நாள் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; 12 வயது நிரம்பிய எல்லாரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் அந்த ஆண்டிலேயே வந்தது. அப்படிப்பட்ட ஊரில் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைக்காத முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

நான் குடியுரிமை மனு எழுதிக் கொடுத்த பாட்டி ஒருவர், மூன்று வயதில் தாயின் இடுப்பில் அமர்ந்தபடி பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று, விடிவதற்கு முன் நெற்றி விளக்கோடு நாற்பது ஆண்டுகள் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார். பெற்ற பிள்ளைகள் குடிமக்கள். அவர் மட்டும் சிவப்பு அட்டைக்காரர், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. வாக்களிக்க முடியாது, மலேசியக் கடப்பிதழும் கிடையாது. திரும்பிப் போகத் தமிழ்நாட்டில் அவருக்குத் தெரிந்த ஒரு வாசற்படியும் இல்லை.

கூட்டரசு அரசியலமைப்பின் 19ஆவது விதி, குடியுரிமைக்கு மனுச் செய்வதற்கு முந்தைய 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், மலாய் மொழியில் போதிய அறிவும் வேண்டும் என்கிறது. சந்தையில் மலாயில் பேரம் பேசும் அந்தப் பாட்டி, அதிகாரியின் மேசை முன் நாக்குழறி நின்றார், மனு தள்ளுபடியாயிற்று. அத்தனை நிபந்தனைகளும் நிறைவேறினாலும் முடிவு அரசாங்கத்தின் விருப்பத்தைப் பொறுத்ததே.

1957இல் சுதந்திரம் வந்தபோதே பதிந்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு நாள் பட்டணம் போனால் ஒரு நாள் சம்பளம் போகும் என்றிருந்த, எழுதப் படிக்கத் தெரியாத, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து மக்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது நியாயமா? 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச்சீட்டு கட்டாயமானபோது, பல்லாயிரம் பேர் தாங்கள் வளர்ந்த மண்ணை விட்டுக் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களே இந்தப் பாட்டிமார்.

தோட்டத்துச் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேடும் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் அவர்கள் இங்கே வாழ்ந்ததற்குச் சாட்சி. தோட்டங்கள் கைமாறிய போது பல ஏடுகள் கரையானுக்கு இரையாயின. ஆகவே பழைய சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்று, மருத்துவ அட்டை என எது வீட்டுப் பெட்டியில் கிடந்தாலும் எறிந்துவிடாமல் கொண்டு வாருங்கள். மண்டபத்தின் பின்புறம் மேசை போட்டிருக்கிறோம். எழுபதைக் கடந்தவர்களின் மனுக்களை முதலில் எழுதுவோம்.