மிலேத்துவில் விட்டுவந்தவர்கள்

(சிங்கப்பூரில் ஒரு ஸ்தோத்திர ஆராதனையில் போதகரின் மனைவி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பானவர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். துவாஸ், கிராஞ்சி தொழிலாளர் விடுதிகளிலிருந்து பஸ் மாறி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிமாருக்குத் தனியாக ஒரு ஸ்தோத்திரம். உங்களுக்குக் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க, தேக்கா சந்தையில் சாமான் வாங்க, ஊருக்குப் பணம் போட என்று வைத்திருந்த நாளில் பாதியை இங்கே கொடுத்திருக்கிறீர்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘அயல்நாட்டு ஊழியத்தில் நன்றியும் விசுவாசமும்’. தலைப்பைக் கேட்டதுமே என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். கஷ்டம் வந்தது, முழங்காலில் நின்றோம், அற்புதம் நடந்தது, அல்லேலூயா. அப்படிச் சொல்ல என்னிடமும் சாட்சிகள் உண்டு. இன்றைக்கு அவற்றை எடுக்கப்போவதில்லை.

வேதத்தில் இரண்டு நோயாளிகளைப் பாருங்கள். இருவருமே அப்போஸ்தலனாகிய பவுலோடு ஊழியத்தில் இருந்தவர்கள். ஒருவர் எப்பாப்பிரோதீத்து. பிலிப்பி சபை கொடுத்தனுப்பிய காணிக்கையைச் சுமந்துகொண்டு, ஊரைவிட்டு வந்து, வந்த இடத்தில் சாகக்கிடந்தார். பிழைத்துக்கொண்டார். “தேவன் அவனுக்கு இரங்கினார்” என்று பவுல் எழுதுகிறார். அதோடு நிறுத்தாமல், துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி எனக்கும் இரங்கினார் என்கிறார். இதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம்.

அடுத்தவர் துரோப்பீமு. 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரம், 20ஆம் வசனம்: “துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்.” இவ்வளவுதான். ஜெபித்தாரா, சுகமானாரா, பிறகு என்ன ஆயிற்று, ஒன்றும் இல்லை. எபேசுவில் இதே பவுலின் உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டால் நோய் நீங்கிற்று என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அந்தக் கைகளாலேயே நண்பனைப் படுக்கையில் விட்டுவிட்டுப் பயணம் போகவேண்டியிருந்தது. அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். அடுத்த வசனத்தில் மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று தீமோத்தேயுவைக் கேட்கிறார். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் கேட்டிருக்கிறார். குளிருக்குப் பயந்த ஒரு வயதான மனுஷனின் கடிதம் அது.

எப்பாப்பிரோதீத்துவுக்கு நம் சபைகளில் மைக் கிடைக்கிறது. துரோப்பீமுவுக்குக் கிடைப்பதில்லை. என் வருத்தம் அதுதான்.

என் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அம்மா ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். ஞாபகம் போய்க்கொண்டே இருக்கிறது. இங்கே ராத்திரி எட்டரை என்றால் அங்கே ஆறு மணி. இந்த நோய்க்காரர்களுக்கு விளக்கு வைக்கிற நேரம்தான் கொடுமை. சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே “வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம்” என்று அழுவார்கள். மைனி, அதாவது அண்ணன் மனைவி, வாதாடுவதில்லை. “வாங்க அத்தே, போவோம்” என்று கையைப் பிடித்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, கோயில் முக்கு வரைக்கும் போய், அதே வீட்டுக்குக் கூட்டிவந்து, “வீடு வந்தாச்சு” என்பார்கள். சில நாள் ஒரு சுற்றில் அடங்கும், சில நாள் மூன்று சுற்று. போனில் என்னைப் பார்த்து அம்மா, “ஏட்டி, நீ யாரு வீட்டுப் பிள்ளை?” என்று கேட்பார்கள். ஜெபிப்போமா என்று நான் சொன்னதும் கை தானாக முந்தானையை எடுத்துத் தலையில் போடும். மகளைத் தெரியவில்லை, ஜெபம் என்றால் முக்காடு தெரிகிறது. ஆமென் சொன்ன கையோடு, “ஐயர் வந்தாச்சா?” என்று வாசலைப் பார்ப்பார்கள். ஐயர் என்றால் எங்கள் பக்கத்தில் போதகர். எந்த ஐயரை என்று யாருக்கும் தெரியாது.

ஒருநாள் மைனி பட்டென்று சொன்னார்கள்: “நீங்க அங்க இருந்து ஸ்தோத்திரம் சொல்லுதிய. நான் இங்க விரிப்ப மாத்துதேன்.” கோபமாகச் சொல்லவில்லை. களைப்பில் வந்த வார்த்தை. அதற்கு நான் வசனம் எதுவும் திருப்பிச் சொல்லவில்லை. அந்த வார்த்தைக்கு வசனம் பதிலும் ஆகாது.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு ‘கொர்பான்’ என்ற வழக்கத்தைக் கண்டிக்கிறாரே, நினைவிருக்கிறதா? உனக்குச் செய்யவேண்டியதை தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று தாய் தகப்பனிடம் சொல்லித் தப்பித்துக்கொள்வது. ஊழியக்காரர்களாகிய நாங்கள் நடுங்கி வாசிக்கவேண்டிய பகுதி. ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று விமானம் ஏறிவிடுகிறோம். கர்த்தர் பார்க்கத்தான் செய்கிறார், மைனியின் கைகளைக் கொண்டு. அந்தக் கைகளுக்கு நன்றி சொல்லாமல் கர்த்தருக்கு மட்டும் நன்றி சொன்னால், அந்த நன்றியில் ஏதோ குறைகிறது.

இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றி நாம் எல்லாரும் பேசியிருக்கிறோம். 1793இல் வங்காளத்துக்கு வந்தார், 1801இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவர் மனைவி டாரதி? முதலில் வரமாட்டேன் என்றவர். தங்கை கிட்டி துணைக்கு வருவதாகச் சொன்ன பிறகுதான் கைக்குழந்தையோடு கப்பலேறினார். மறுவருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனான். டாரதியின் மனம் அதற்குப் பிறகு தேறவே இல்லை. 1807இல் சாகும்வரை அப்படியேதான். கணவர் ஒரு அறையில் மொழிபெயர்க்க, அடுத்த அறையில் மனைவி கலங்கிய நிலையில் இருந்தார். கேரியின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மிஷனரி ஞாயிறு தவறாமல் கேரியின் பெயரைச் சொல்கிற நம் பிள்ளைகளுக்கு டாரதி என்ற பெயரே தெரியாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குடும்பத்தைக் கூட அழைத்துவர முடியாதவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! ஒர்க் பெர்மிட்டில் வந்தவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. மனைவி பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளும் டிபெண்டன்ட் பாஸ் எடுக்க மாதம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலையான சம்பளம் வேண்டும். எத்தனை தமிழ்ச் சபை ஒரு உதவி ஊழியருக்கு அதைக் கொடுக்க முடியும்? கமிட்டி அண்ணன்மார் சிரிக்கிறீர்கள், உங்களுக்குத்தான் கணக்கு தெரியும்.

2020இல் ஏப்ரல் 7 தொடங்கி ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர், அதாவது கொரோனா ஊரடங்கு. தங்குவிடுதிகளில் இருந்த தம்பிமாருக்கு அது ஜூனோடு முடியவும் இல்லை. அந்த நாட்களில் ஒரு தம்பியின் அப்பா ஊரில் இறந்துவிட்டார். போக வழியில்லை. அடக்கத்தை யாரோ போனில் பிடித்துக் காட்ட, இவன் டபுள் டெக்கர் கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி பார்த்தான். குழிக்குப் பக்கத்தில் போனபோது சிக்னல் போய்விட்டது. பிறகு எங்களுக்குப் போன் செய்தான். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்ததும், “அக்கா, ஒண்ணும் சொல்லாதீங்க. லைன்ல மட்டும் இருங்க” என்றான். இருந்தேன். அன்றைக்கு அவன் ஸ்தோத்திரம் சொல்லவில்லை, நானும் சொல்லச் சொல்லவில்லை. கீழ்தட்டில் இருந்தவர் வேறு மதத்துக்காரர், பங்களாதேஷ்காரர். இவனுக்கு வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை எறும்பு ஏறாமல் உயரே கட்டி வைத்திருந்தாராம். பல மாதம் கழித்து அந்தத் தம்பி சாட்சி சொன்னபோது அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான் சொன்னான்.

விசுவாசம் என்றால் கஷ்டத்தை வாயால் சொல்லக்கூடாது என்று சிலர் போதிக்கிறார்கள். ஆபகூக் தீர்க்கதரிசி அந்தப் போதனையைக் கேட்டிருக்க மாட்டார். கடை அடைக்கும் நேரத்தில் கையிருப்பைப் பார்க்கிற செட்டியாரைப் போல, அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சையில் பழமில்லை, ஒலிவம் போயிற்று, வயல் விளையவில்லை, கிடையில் ஆடில்லை, தொழுவத்தில் மாடில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. அத்தனையும் சொன்ன பிறகுதான் “நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்” என்கிறார். கணக்குச் சொல்லாமல் மகிழ்ச்சிக்கு மட்டும் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் அவர்களுடைய பிள்ளைகள் எதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வளர்கிறார்கள்.

என் அம்மாவுக்காக இன்னும் ஜெபிக்கிறேன். சுகம் கேட்கிறேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. அதோடு மைனி ராத்திரி நாலு மணிநேரமாவது சேர்ந்தாற்போல் தூங்கவேண்டும் என்று கேட்கிறேன். ஜெபத்தோடு, பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு அக்காவைச் சம்பளத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். மைனி இப்போது வியாழக்கிழமைதோறும் தன் அம்மா வீட்டுக்குப் போய்வருகிறார்கள்.

அடுத்து சாட்சி நேரம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. போதகரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்: பதில் கிடைத்தவர்கள் வாருங்கள், இன்னும் கிடைக்காதவர்களும் வாருங்கள். முடிவைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊரில் உங்கள் வீட்டாரைப் பார்த்துக்கொள்கிறவர் யாரோ, அவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாலும் போதும். மைக் இடதுபக்கம் இருக்கிறது. பின்வரிசைத் தம்பிமார் முதலில் வரட்டும், உங்களுக்குத்தான் பஸ் பிடிக்கவேண்டும்.