வாக்குச்சீட்டின் பின்பக்கம்

வணக்கம். அமெரிக்கத் தேர்தலைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அதிபரை ஒரு பிடி பிடிப்பான் என்று நினைத்து வானொலிப் பக்கம் வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பேசப்போவது முக்கியமாகச் சாக்கடையைப் பற்றி. ஆனாலும் முதலில் அதிபர் கதையை முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் நிலையத்தார் என்னை இன்னொரு தடவை கூப்பிடமாட்டார்கள்.

நான் குடியிருப்பது மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் நோவை என்ற ஊரில். கார் கம்பெனி வேலையை நம்பி வந்த நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மற்ற நாட்களில் எங்களை யாரும் சீந்துவதில்லை. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கவனிப்பு. காரணம் 10,704. 2016 தேர்தலில் டிரம்ப் இந்த மாநிலத்தில் ஜெயித்த வித்தியாசம் அவ்வளவுதான். பதிவான ஓட்டோ 48 லட்சம். இங்கே மெயின், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்களைத் தவிர மற்ற இடங்களில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் மொத்தப் பேரும் ஜெயித்தவர் கணக்கில் போய்விடுவார்கள். எங்களுக்கு 15 தேர்வாளர்கள். கலிபோர்னியாவுக்கு 54. ஆனால் கலிபோர்னியா எந்தப் பக்கம் சாயும் என்பது பச்சைக்குழந்தைக்கும் தெரியும் என்பதால், அங்கே இருக்கும் என் மைத்துனி வீட்டு டிவியில் வழக்கம்போல சோப்பு விளம்பரம்தான் ஓடும். எங்கள் டிவியில் நாடு நாசமாய்ப் போகப்போகிறது என்று அரை நிமிஷத்துக்கு ஒருவர் கட்டைக் குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். கைப்பேசியிலோ, “இன்னும் நீங்கள் தேர்தல் நிதிக்கு ஏழு டாலர் அனுப்பவில்லையே” என்று முன்பின் தெரியாதவர்கள் உரிமையோடு கோபித்துக்கொள்வார்கள்.

2024ல் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தது. அக்டோபர் 31 தீபாவளி, அன்றைக்கே ஹாலோவீன். வாசலில் பேய் வேஷம் கட்டிய பிள்ளைகள் மிட்டாய் கேட்டு நிற்கிறார்கள், உள்ளே லேகியம் கிளறிக்கொண்டிருக்கிறோம். அடுத்த ஞாயிறு, நவம்பர் 3, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் நாள். அன்று மாலை கமலா ஹாரிஸ் எங்கள் மாநிலத்து ஈஸ்ட் லான்சிங்கில் பேசினார். மறுநாள் இரவு இதே மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் கூட்டத்தில் டிரம்ப் பேசி முடிப்பதற்குள் தேர்தல் நாளே பிறந்துவிட்டது. அதே சமயம் மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரத்தில், ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊரில், அவர் ஜெயிக்க வேண்டும் என்று கோயிலில் பூஜை நடந்தது. சொந்தக்காரர்கள் எனக்குப் போன் செய்து, “உங்க பக்கம் நிலவரம் எப்படி?” என்று வேட்பாளரின் ஏஜென்ட்டைக் கேட்பதுபோலக் கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஓட்டு. ஏன் செவ்வாய்? 1845ல் போட்ட சட்டம். ஞாயிறு சர்ச்சுக்குப் போக வேண்டும். திங்கள் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினால் செவ்வாய் ஓட்டுப் போடலாம். புதன் சந்தைக்குத் திரும்பிவிடலாம். குதிரை போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, செவ்வாய் மட்டும் போகவில்லை. நாடு முழுவதற்குமான விடுமுறையும் கிடையாது. ஆனால் பத்து நாள் கழித்து, நவம்பர் 15, மிச்சிகனில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் ஆரம்பம். அதற்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடும் ஊர்கள் இங்கே உண்டு. எது முக்கியம் என்பதில் இவர்களுக்குக் குழப்பமே இல்லை.

சரி, சாவடிக்குள் போவோம். நம் ஊரில் ஒரு பொத்தான், ஒரு பீப் சத்தம், விரலில் மை, வேலை முடிந்தது. இங்கே கையில் கொடுப்பது பரீட்சைத் தாள். நீளமான காகிதம், இரண்டு பக்கமும் அச்சு, கறுப்புப் பேனாவால் கட்டங்களை நிரப்ப வேண்டும். அதிபர் ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறார். அப்புறம் செனட்டர், காங்கிரஸ் உறுப்பினர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அதோடு விட்டார்களா? மாநிலக் கல்வி வாரியத்துக்கு இரண்டு பேர். மிச்சிகன் பல்கலைக்கழகம், மிச்சிகன் ஸ்டேட், வேய்ன் ஸ்டேட் ஆகிய மூன்றின் நிர்வாகக் குழுக்களுக்கும் தலா இரண்டு பேர். துணைவேந்தர் நியமனம் என்றாலே ஆளுநரா அரசா என்று மல்லுக்கட்டிப் பார்த்துப் பழகியவன் நான். இங்கே பல்கலைக்கழகத்தை ஆள்பவரை நானே தேர்ந்தெடுக்கலாம் என்றதும் புல்லரித்தது. பெயர்களைப் பார்த்தேன். ஒருவரைக்கூடத் தெரியாது.

இன்னும் இருக்கிறது. ஷெரிஃப், அரசு வழக்கறிஞர், பொருளாளர், நீதிபதிகள், பள்ளிக்கூடக் குழு. நடுவில் வடிகால் ஆணையர். ஆமாம், வடிகாலுக்குத்தான். எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், நீர்வள ஆணையர் என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். டிரம்ப், ஹாரிஸ் பெயர் இருக்கிற அதே தாளில், கட்சிப் பெயரோடு, மழைத்தண்ணீர் ஓடும் கால்வாய்க்கும் வேட்பாளர்கள். குடியரசுக் கட்சிச் சாக்கடைக்கும் ஜனநாயகக் கட்சிச் சாக்கடைக்கும் வாசனையில் என்ன வித்தியாசம் என்று யாரும் இதுவரை எனக்கு விளக்கவில்லை.

பின்பக்கத்தில் வரிகள். பள்ளிக்கு, பூங்காவுக்கு, நூலகத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டுவரியில் இவ்வளவு கூட்டலாமா என்று நம்மையே கேட்பார்கள். கணக்கு ‘மில்’லில் இருக்கும். வீட்டின் வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் என்றால் ஒரு மில். டெட்ராய்ட் மிருகக்காட்சிசாலைக்கு 2008ல் மூன்று கவுண்டிக்காரர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்தது 0.1 மில். 2012ல் டெட்ராய்ட் கலைக்கூடத்துக்கு 0.2 மில், பதிலுக்கு மூன்று கவுண்டிக்காரர்களுக்கும் அனுமதி இலவசம். ஊரிலிருந்து யார் வந்தாலும் டியேகோ ரிவேராவின் சுவரோவியத்தின் முன் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். ஃபோர்டு ஆலைத் தொழிலாளர்கள் சுவர் முழுக்க வேலை செய்துகொண்டிருப்பார்கள். “ஃப்ரீயாவா விடறாங்க?” என்று வந்தவர் ஆச்சரியப்படும்போது, நான் ஜமீன்தார் போலப் பேசாமல் நிற்பேன்.

பேருந்துக் கதை இதைவிட ருசியானது. என் அம்மா கும்பகோணத்திலிருந்து முதல் தடவை வந்தபோது, இரண்டாம் நாள் காலையிலேயே புடவை மாற்றிக்கொண்டு தயாராகி, “ஏண்டா, பஸ் எங்க நிக்கும்?” என்றார். பஸ் கிடையாது என்றதை அவர் நம்பவில்லை. இவ்வளவு பெரிய ரோட்டில், இத்தனை வீட்டில், பஸ் இல்லாமல் எப்படி? பிள்ளை ஏதோ மறைக்கிறான் என்றே நினைத்தார். விஷயம் இதுதான்: ஸ்மார்ட் என்று ஒரு பேருந்து நிறுவனம் சுற்றுவட்டாரத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எந்த ஊருக்கு வரி கட்ட இஷ்டமில்லையோ அந்த ஊர் விலகிக்கொள்ளலாம். எங்கள் ஊர் விலகியிருந்தது. பக்கத்து ஊர் வரை வரும் பஸ் எங்கள் எல்லையை மிதிக்காது. 2022 நவம்பரில்தான் எங்கள் ஓக்லண்ட் கவுண்டி முழுவதற்கும் சேர்த்து 0.95 மில் கேட்டு வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி வந்தது. ஜெயித்தது. விலகும் வசதி ஒழிந்தது, பஸ்ஸும் வந்தது. அந்த வருஷம் டிவி விளம்பரங்கள் எல்லாம் ஆளுநர் பதவிக்கும் கருக்கலைப்பு உரிமைக்கும்தான். அதில் தப்பில்லை. ஆனால் இந்த பஸ் எந்த வாஷிங்டனிலிருந்தும் வரவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் கடைசி வரை நிரப்புகிறவர்கள் கொஞ்சம்தான். அதிபர் வரியில் ஆவேசமாகப் பேனாவை அழுத்துகிற கை, நீதிபதிகள் வரும்போது தளர்ந்துவிடும். மிச்சிகனில் இன்னொரு சௌகரியமும் உண்டு: மேலே ஒரே கட்டத்தை நிரப்பினால், கட்சி சார்ந்த பதவிகள் அத்தனைக்கும் அந்தக் கட்சிக்கே ஓட்டு. அப்புறம் ‘நான் வாக்களித்தேன்’ ஸ்டிக்கர் தருவார்கள். 2024ல் அதற்கு மாநிலமே ஒரு போட்டி நடத்தியது. ஒரு பள்ளிச் சிறுமி வரைந்த ஓநாய் மனிதன், சட்டையைக் கிழித்துக்கொண்டு ஊளையிடுகிறான். அந்த வருஷத்து அரசியலை இதைவிடச் சரியாக எந்தத் தலையங்கமும் எழுதவில்லை என்பது என் கட்சி.

வேறொரு கவுண்டியில் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக்கு இடப்பக்கம் டிரம்ப் பலகை, வலப்பக்கம் ஹாரிஸ் பலகை. நடுவில் இவர் கொலு வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் சுண்டல் கொடுத்துச் சமாளித்துவந்தார். அந்த இரண்டு வீட்டாரும் பேசிக்கொண்டதே இல்லை. போன வருஷம் தெருவுக்குப் பின்னால் ஓடும் கால்வாயைத் தோண்டிச் சீராக்கப்போவதாகக் கடிதம் வந்தது. இங்கே சட்டப்படி, வேலை அவசியம்தானா என்று அதில் சொந்த ஆதாயம் இல்லாத நிலக்காரர்கள் மூன்று பேர் கொண்ட குழு முடிவு சொல்லும். அவசியம் என்றுவிட்டால் வடிகால் ஆணையர் வேலையைச் செய்து, செலவை அந்தத் தண்ணீர் ஓடும் வட்டாரத்து நிலக்காரர்கள் தலையில் பிரித்துவிடலாம்.

கூட்டத்துக்கு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒரே காரில் வந்தார்களாம். அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு, மாற்றி மாற்றி எழுந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். வேலை அவசியம் என்றே தீர்ப்பு. வெளியே வந்ததும், “இந்த ஆளுக்கு யார் ஓட்டுப் போட்டது?” என்று இருவரும் கொதித்தார்கள். நண்பர் போனில் பழைய தேர்தல் முடிவைத் தேடிப் பார்த்தார். ஒருவர், தானே ஒத்துக்கொண்டபடி, ஒற்றைக் கட்டத்தை நிரப்பிக் கட்சிக்கே மொத்தமாகப் போட்டவர். அதில் ஆணையரும் அடக்கம். இன்னொருவரின் கட்சி அந்தப் பதவிக்கு ஆளே நிறுத்தவில்லை.

பில் வந்துவிட்டது. பத்து வருஷத் தவணை. 2028 தேர்தலுக்குள் மூன்று கட்டியாகிவிடும்.

நன்றி, வணக்கம்.