ஆசியச் சமையல்களில் உடலுக்கு நல்லது எது?

(திரையில்: ஆசிய வரைபடம். ஒவ்வொரு நாட்டின் மேலும் ஓர் உணவுத் தட்டு தோன்றுகிறது.)

ஆசியச் சமையல்களில் உடலுக்கு மிகவும் நல்லது எது என்று கேட்டால், முதலில் ஜப்பான் பெயரும் அடுத்து வியட்நாம், கொரியா பெயர்களும் சொல்லப்படுகின்றன. இந்திய உணவும் தாய்லாந்து உணவும் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் மிகுந்தவை என்று வரிசையின் கீழே தள்ளப்படுகின்றன. இந்த வரிசை பெரும்பாலும் உணவகத் தட்டுகளைப் பார்த்துப் போடப்பட்டது. ஒரு நாட்டு மக்களின் உடல்நலத்தைத் தீர்மானிப்பது அவர்கள் வீட்டில் அன்றாடம் உண்பதே என்பதால், இந்த வீடியோவில் அதையே ஒப்பிடுகிறோம்: அந்த உணவில் உப்பு எவ்வளவு, தீட்டிய தானியம் எவ்வளவு, அந்தத் தானியத்துக்குத் துணையாக வரும் காய்கறியும் பருப்பும் மீனும் எவ்வளவு என்பவை நம் அளவுகோல்கள்.

ஜப்பானிலிருந்து தொடங்குவோம். மீன், டோஃபு என்னும் சோயாப் பால்கட்டி, கடற்பாசி, காய்கறி ஆகியவற்றைச் சிறு கிண்ணங்களில் அளவாகப் பரிமாறும் அந்த நாட்டில், உடல் பருமன் உள்ள பெரியவர்கள் 100 பேருக்குச் சுமார் 5 பேர்தான். ஆனால் இதே ஜப்பானில் 1951 முதல் 1980 வரை மரணத்துக்கான முதன்மைக் காரணமாக இருந்தது பக்கவாதம். நீண்ட பனிக்காலத்தைக் கடக்க உப்பிட்ட மீனையும் ஊறுகாயையும், உப்பிட்டுப் புளிக்கவைத்த சோயா விழுதால் செய்யும் மிசோ சூப்பையும் நம்பியிருந்த வடபகுதி அகிதா மாகாணத்தில், 1950களில் ஒருவர் நாளொன்றுக்கு 20 கிராமுக்கும் மேல் உப்பு உட்கொண்டார். உலகச் சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கும் வரம்போ 5 கிராமுக்கும் குறைவு. குளிர்சாதனப் பெட்டி பரவியதும், ஊர் ஊராக இரத்த அழுத்தப் பரிசோதனை நடந்ததும், உப்பைக் குறைக்கும் இயக்கங்கள் தொடர்ந்து நடத்தப்பட்டதும், 1961-இல் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு கிடைத்ததும் சேர்ந்தே நிலைமையை மாற்றின. ஜப்பானியரின் நீண்ட ஆயுளுக்கான புகழை முழுவதும் உணவுக்கே கொடுப்பது, அந்த நாட்டின் பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். இன்றும் அங்கே சராசரி உப்பு நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம்.

(திரையில்: ஒகினாவா தீவு. 1949, 2000 என்ற இரு ஆண்டுகள்.)

ஜப்பானிய உணவு என்று பொதுவாகச் சொல்வதும் போதாது. நூறு வயதைக் கடந்த முதியவர்களுக்காகப் பேர்பெற்ற ஒகினாவா தீவில், 1949-இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி, மக்கள் பெற்ற ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம் சர்க்கரைவள்ளிக்கிழங்கிலிருந்து வந்தது. சோறு குறைவு, மீனும் இறைச்சியும் மிகக் குறைவு. இன்றைய உணவகங்கள் ஜப்பானிய உணவு என்று பரிமாறும் எதனோடும் அதற்கு ஒற்றுமை இல்லை. 1972 வரை நீடித்த அமெரிக்க நிர்வாகத்தின்போது டப்பா இறைச்சியும் பர்கரும் தீவில் வேரூன்றின. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆண்களின் ஆயுட்காலத்தில் ஒகினாவா 47 மாகாணங்களில் 26-ஆவது இடத்துக்கு இறங்கியிருந்தது. மண்ணும் மக்களும் மாறவில்லை, தட்டு மாறியது.

கொரியாவிலும் இதே உப்புச் சிக்கல்தான். காய்கறி உண்பதில் கொரியர்கள் உலகின் முன்வரிசையில் இருக்கிறார்கள், ஆனால் அந்தக் காய்கறியில் பெரும்பகுதி, உப்பிட்டுப் புளிக்கவைத்த காய்கறியான கிம்ச்சியாகவும் காரசாரமான குழம்பாகவும் உப்போடு சேர்ந்தே வருகிறது. இரைப்பைப் புற்றுநோய் கொரியாவிலும் ஜப்பானிலும் அதிகமாக இருப்பதற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா முதன்மைக் காரணம். உப்பில் ஊறிய உணவு அதற்குத் துணைநிற்கிறது.

இனி தெற்காசியாவுக்கு வருவோம். இங்குள்ள சமையலைப் பட்டியலின் கீழே வைப்பவர்கள் அதன் பெரும் செல்வத்தைக் கவனிப்பதில்லை. துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு என்று இத்தனை வகைப் பருப்புகளை இத்தனை விதமாக அன்றாடம் சமைக்கும் மரபு வேறெங்கும் காண்பதரிது. நார்ச்சத்தும் புரதமும் தரும் இந்தப் பொருள்களோடு தயிரும் கீரையும் மஞ்சளும் மிளகும் சேரும்போது, அடிப்படைப் பொருள்களில் எந்தக் குறையும் இல்லை.

குறை விகிதத்தில் இருக்கிறது. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து, அதிலும் பெரும்பாலும் தீட்டிய அரிசி, அரைத்த கோதுமை, சர்க்கரை ஆகியவற்றிலிருந்து வருகிறது. தட்டில் சோறு குவிந்திருக்க, பருப்பு அதை நனைக்கும் அளவுக்கே ஊற்றப்படுகிறது. 21 நாடுகளில் 1,32,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, நாளொன்றுக்கு 450 கிராமோ அதற்கு மேலோ வெள்ளைச் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 20 சதவீதம் அதிகம் என்று கண்டது. தெற்காசியாவில் மட்டும் அது 61 சதவீதம். அதே ஆய்வில் சீனாவில் அத்தகைய தொடர்பு தெளிவாகத் தென்படவில்லை. அரிசி இரு இடங்களிலும் உண்டு. சோற்றோடு தட்டில் வேறென்ன இருக்கிறது, உண்பவர் எவ்வளவு உடலுழைப்புச் செய்கிறார், அவருடைய உடல்வாகு என்ன என்பவற்றில்தான் வேறுபாட்டைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டுள்ள நிலையில், சோற்றின் அளவைக் குறைத்து, காலியான இடத்தைப் பருப்பாலும் காய்கறியாலும் நிரப்புவதைவிடப் பயனுள்ள மாற்றம் இந்தச் சமையலுக்கு வேறில்லை.

தென்கிழக்காசியாவில் தாய்லாந்துச் சமையலைக் கெடுப்பது தேங்காய்ப்பால் அன்று. சாலட் முதல் குழம்பு வரை தாராளமாகச் சேரும் சர்க்கரையும் உப்பு மிகுந்த மீன் சாஸுமே. அந்நாட்டின் வடகிழக்கில் ஆற்று மீனைப் பச்சையாக உண்பதால் கல்லீரல் தட்டைப்புழு தொற்றி, அது பித்தநாளப் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது. மீனை நன்கு வேகவைத்தாலே அந்தப் புழு அழிந்துவிடும்.

(திரையில்: வியட்நாம் வீட்டுச் சாப்பாடு. நடுவில் ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகள்.)

ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்றால் நான் வியட்நாமிய வீட்டு உணவைச் சொல்வேன். பொரித்தவற்றைவிட வேகவைத்ததும் தெளிந்த சூப்பும் மிகுதி. மல்லி, புதினா, துளசி வகைகளும் கீரை இலைகளும் கை நிறைய எடுத்துப் பச்சையாகவே உண்ணப்படுகின்றன. அதற்கு இணையாக, ஆசியச் சமையல் என்று பலரும் நினைத்தே பார்க்காத லெபனான், சிரியா நாடுகளின் உணவையும் சொல்வேன்: கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, ஆலிவ் எண்ணெய், பார்ஸ்லி இலை ஆகியவற்றால் அமைந்த அந்த உணவு, இதய நலத்துக்கு வலுவான சான்றுகள் உள்ள மத்தியதரைக்கடல் உணவுமுறையைச் சேர்ந்தது. ஆயினும் வியட்நாமிய உணவிலும் உப்பு குறைவில்லை. இரண்டு மேசைக்கரண்டி மீன் சாஸிலேயே ஒரு நாளுக்கான வரம்பாகிய 2,000 மில்லிகிராம் சோடியம் (சுமார் 5 கிராம் உப்பில் உள்ள அளவு) கடந்துவிடும்.

உப்பைக் குறைத்தால் சமையலின் அடையாளமே போய்விடும் என்ற அச்சத்துக்குக் கொரியாவின் அனுபவம் நல்ல மறுமொழி. 2010 அளவில் சுமார் 4,800 மில்லிகிராமாக இருந்த அன்றாட சோடியம், அரசின் தொடர் முயற்சிக்குப் பின் பத்தாண்டுகளுக்குள் 3,300 அளவுக்கு இறங்கியது. கிம்ச்சி எந்த வீட்டையும் விட்டுப் போகவில்லை. உப்பில் பெரும்பங்கு வீட்டு அடுப்பிலேயே சேரும் சீனாவில் வேறொரு வழி சோதிக்கப்பட்டது. 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் உயர் இரத்த அழுத்தமுள்ள முதியவர்களுமாக ஏறத்தாழ 21,000 பேர் பங்கேற்றார்கள். பாதிக் கிராமங்களுக்கு நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு கொடுக்கப்பட்டது. மற்றவர்கள் வழக்கமான உப்பையே பயன்படுத்தினார்கள். ஐந்தாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், மாற்று உப்பைப் பயன்படுத்தியவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் முடிவு வெளியானது. சமையலில் மாறியது உப்பு மட்டுமே. சிறுநீரக நோய் உள்ளவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்புக்கு மாறக் கூடாது. அவர்களுக்கு அது இதயத் துடிப்பைப் பாதிக்கும் அளவுக்கு ஆபத்தாகலாம்.