ஈறுக்குள் முளைக்கும் பல்

நேயர்களுக்கு வணக்கம்.

பல் மருத்துவர் பேச வந்தால் காலையும் இரவும் பல் துலக்கச் சொல்லிவிட்டுப் போவார் என்று வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள். அதைப் பற்றி இன்று ஒரு வார்த்தையும் இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களே பெரும்பாலும் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்திருக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லப்போகிறேன். தாடை எலும்பை விட்டுவிட்டு, ஈறின் சதைக்குள்ளேயே பல்லை உருவாக்குகிற கட்டி.

2019இல் சென்னை சவீதா பல் மருத்துவமனையில் 7 வயதுப் பையன் ஒருவனின் கீழ்த்தாடையிலிருந்து 526 பற்களை எடுத்தார்கள். பத்திரிகையில் படித்தது நினைவிருக்கலாம். சுமார் 200 கிராம் எடையுள்ள ஒரு பைக்குள் அத்தனையும் இருந்தன. 2014இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 17 வயதுப் பையனிடமிருந்து 232 பற்கள். இந்த வகைக் கட்டிக்கு ஒடொன்டோமா என்று பெயர். சிலவற்றில் பற்கள் குட்டிக் குட்டியாக, பல் உருவத்திலேயே இருக்கும். சிலவற்றில் பல்லின் வெளிப்பூச்சான எனாமலும், அதற்கு உள்ளே இருக்கிற டென்டினும் ஒழுங்கில்லாமல் கலந்து ஒரே கட்டியாகக் கிடக்கும்.

தாடை எலும்புக்குள் வரும் ஒடொன்டோமா அப்படியொன்றும் அபூர்வம் இல்லை. பல் சார்ந்த கட்டிகளில் அடிக்கடி பார்க்கக்கூடியது அது. ஈறில் வருவதுதான் அபூர்வம். உலகில் எந்த மூலையில் ஒன்று கிடைத்தாலும், மருத்துவ இதழில் தனிக் கட்டுரையாக எழுதிவிடுவார்கள்.

சரி, சதைக்குள் பல் எப்படி வரும்? தாய் வயிற்றில் ஆறாவது வாரத்திலேயே குழந்தையின் வாயில் பல்லுக்கான வேலை தொடங்கிவிடுகிறது. வாயின் மேல்தோல் ஒரு பட்டையாக உள்ளே இறங்கும். அந்தப் பட்டையிலிருந்து பால் பல்லுக்கு ஒன்று, நிலைப் பல்லுக்கு ஒன்று என்று மொட்டுகள் கிளம்பும். வேலை முடிந்ததும் பட்டை துண்டு துண்டாக உடைந்து மறைந்துவிட வேண்டும். ஆனால் முழுக்க மறைவதில்லை. கொஞ்சம் செல்கள் ஈறுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. நாற்றங்காலில் விதை தெளிக்கும்போது நாலு நெல் வரப்பில் சிந்தும், யாரும் கவனிக்க மாட்டோம், ஈரம் பட்டால் அதில் ஒன்றிரண்டு முளைத்து நிற்கும் இல்லையா? அந்தக் கதைதான். நம் எல்லோர் ஈறிலும் அந்தச் செல்கள் உண்டு, பெரும்பாலும் ஆயுள் முழுக்கச் சும்மாவே கிடக்கும். அபூர்வமாக எங்கோ ஒரு குழந்தைக்கு அதில் சில விழித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகின்றன.

ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு பாட்டி தன் பேத்தியை அழைத்துவந்தார். மேல் ஈறில், முன்பக்கம், மிளகு அளவுக்கு ஒரு வீக்கம். வலி இல்லை, சீழ் இல்லை. நிறமும் ஈறின் நிறமேதான். "பல்லு முளைக்கிற வீக்கம்தான் டாக்டரம்மா, இவ அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். சாதாரணச் சதை வளர்ச்சி என்றால் விரலுக்கு அமுங்கும். இது அமுங்கவில்லை. "பாட்டி, எதுக்கும் ஒரு படம் எடுத்துப் பாத்துடுவோம்" என்றேன். சின்ன எக்ஸ்ரேதான். அதில் எலும்பு பழுதில்லாமல் இருந்தது. வீக்கத்தின் சதைக்குள் மட்டும் வெள்ளையாகச் சில புள்ளிகள்.

மரத்துப்போக ஊசி போட்டு எடுக்க, அந்தக் குழந்தை அழுத நேரத்தைவிடக் குறைந்த நேரம்தான் ஆனது. அடுத்த கட்டம் நோய்க்குறியியல் ஆய்வகத்தில். பல் கடினமானது, அப்படியே சீவ முடியாது. அமிலத்தில் ஊறவைத்து அதன் சுண்ணாம்புச் சத்தை இறக்கிவிட்டுத்தான் மெல்லிய சீவலாக வெட்டுவார்கள். எனாமலில் எடைக்கணக்கில் 96 சதவீதம் தாது உப்பு. அமிலத்தில் அது கரைந்து போய்விடும். ஆகவே நுண்ணோக்கியில் எனாமல் இருந்த இடம் வெறும் வெள்ளை இடைவெளியாகத் தெரியும். அதை ஒட்டி, இளஞ்சிவப்பில் நெருக்கமான மெல்லிய கோடுகளோடு டென்டின். நடுவில் பல்லின் உள்ளே இருக்கிற மெல்லிய சதையான பல்கூழ். ஒரு பல்லில் இருக்க வேண்டியதெல்லாம் அந்த மிளகளவு சதைக்குள் இருக்கும்.

இதில் என்னை உறுத்துவது வேறு ஒன்று. ஈறில் சதை வளர்ந்திருக்கிறது என்று போனால், அறுத்தெடுத்து அப்படியே குப்பைக் கூடையில் போட்டுவிடுகிற வழக்கம் நம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாச் சதையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எக்ஸ்ரேகூடச் சில சமயம் ஏமாற்றும். கட்டி இன்னும் கெட்டிப்படாத பருவத்தில் படத்தில் ஒன்றுமே தெரியாது. எடுத்த சதையை, அது கெடாமல் காக்கிற பார்மலின் ஊற்றிய புட்டியில் போட்டு, பெயர் எழுதிப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் அது இன்னது என்று தெரியும். அனுப்பினீர்களா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். என்னிடமும் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இது புற்றுநோயா என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. முழுவதும் எடுத்துவிட்டால் திரும்ப வருவதும் மிக அபூர்வம். பக்கத்துப் பல்லுக்கு இடைஞ்சல் செய்யும், வரவேண்டிய பல்லின் வழியை மறிக்கும், அவ்வளவுதான். ஆனால் வெற்றிலையோடு புகையிலை போடுகிற பெரியவர்களும், ஹான்ஸ் அடக்குகிற தம்பிமார்களும் இதைக் கேட்டு ஆறுதல் அடைந்துவிட வேண்டாம். உங்கள் வாயில் இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, தடிப்போ, கட்டியோ இருந்தால் அதைப் புற்றுநோய் இல்லை என்று நிரூபித்த பிறகுதான் விட வேண்டும். சுண்ணாம்பைக் குழைத்து அதன்மேல் தடவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். புண்ணின்மேல் புண்தான் மிஞ்சும்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று நம் வீடுகளில் எவ்வளவு கலவரம்! மாமனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஏழு, எட்டு வயதில் வரவேண்டிய முன் நிலைப் பல் வரவில்லை என்றால் "வரும், வரும்" என்று இருந்துவிடுகிறோம். ஒரு பக்கத்துப் பல் வந்து ஆறு மாதம் கழிந்தும் மறுபக்கத்துப் பல் வரவில்லையென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். வழியை மறிப்பது எலும்புக்குள் இருக்கிற ஒடொன்டோமாவாகவும் இருக்கலாம், வெறும் தடித்த ஈறாகவும் இருக்கலாம். எதுவானாலும் சீக்கிரம் தெரிந்தால் அந்தப் பல்லைத் தன் இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களுக்குச் சிதம்பரத்தில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. போகும்போது பழைய எக்ஸ்ரே, மருந்துச்சீட்டு ஏதாவது இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். வணக்கம்.