மூட்டு மாற்றப் போகிறீர்களா? முதலில் எலும்பு எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள்

வணக்கம் மக்களே. பாம்பன் சின்னப்பாலம் கரையில் நின்று பேசுகிறேன், இன்றைக்குக் காற்று அதிகம், இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன், நான் பிசியோதெரபிஸ்ட். மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம் பக்கம் முழங்கால் மூட்டு ஆபரேஷன் முடிந்து வருபவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். ஆபரேஷன் செய்யும் டாக்டர் நான் இல்லை. அதனால் உங்கள் காலுக்கு என்ன செய்யலாம் என்று இங்கே சொல்ல மாட்டேன், டாக்டரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

எங்கே போனாலும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி மூட்டு நல்லது, எத்தனை வருஷம் வரும்?" எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. புது மூட்டு உட்கார வேண்டியதே அந்த எலும்பின் மேல்தான். உலோகத்தைக் கடையில் வாங்கிவிடலாம், தேய்ந்துபோன எலும்பு தானாகத் திரும்ப வளராது.

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாசி எடுக்கப் போகும் அக்காமார்கள், கருவாடு காயப்போடும் ஆச்சிகள், உப்பளத்தில் சுமை தூக்குபவர்கள், இவர்கள் யாரும் முதல் வலியிலேயே டாக்டரிடம் போவதில்லை. தைலம், வலி மாத்திரை, ஊசி, முட்டிக்குப் பட்டி என்று வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். வேலையை விட்டால் அன்றைய கூலி இல்லை, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் உள்ளே நடப்பது இதுதான்: ஜவ்வு என்று நாம் சொல்லும் அந்தக் குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, கால் வெளிப்பக்கமாக வளைகிறது, வளைந்ததும் உடம்பின் பாரம் எல்லாம் முட்டியின் உள்பக்கத்திலேயே விழுகிறது, அப்புறம் கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டில், உள்பக்கம் பின்புறமாக, ஒரு பள்ளம் விழுந்துவிடுகிறது. நடக்கும்போது முட்டி பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போகிறதே, அந்த நடையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், இவர் ஏற்கெனவே எலும்பை இழந்துகொண்டிருக்கிறார் என்று.

இப்படிப் பள்ளத்தோடு வருபவருக்கு டாக்டர் என்ன செய்வார்? பள்ளத்தின் அடி வரைக்கும் மொத்தமாக வெட்டிச் சமன் செய்துவிடலாமே என்று தோன்றும். அது சரி வராது. கீழே போகப் போக எலும்பு மென்மையாகிறது, அகலமும் குறைகிறது. அதனால் வழக்கமான அளவுக்கு மட்டும் வெட்டிவிட்டு, மிஞ்சிய பள்ளத்தை அடைப்பார்கள். 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால், மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கும் எலும்பு சிமெண்டே போதும். 5 முதல் 10 வரை என்றால் சிமெண்டுக்குள் ஸ்க்ரூ வைத்துப் பலப்படுத்துவது உண்டு, அல்லது அதே ஆபரேஷனில் வெட்டி எடுத்த உங்கள் சொந்த எலும்புத் துண்டையே அங்கே பொருத்துவது உண்டு. இந்த இரண்டாவது முறை எனக்கு ரொம்பப் பிடித்தது, காரணம் அந்தத் துண்டு ஒட்டிப் பிடித்துவிட்டால் அது உங்கள் எலும்பாகவே ஆகிவிடுகிறது. ஆனால் ஒட்ட மாதக்கணக்கில் ஆகும், பீடி சிகரெட் இருந்தால் இன்னும் தாமதமாகும். அதற்கும் மேல் ஆழம் என்றால் உலோக பிளாக். பிளாக்கோ எலும்புத் துண்டோ வைத்தால் பெரும்பாலும் எலும்புக் குழாய்க்குள் ஒரு நீளக் கம்பியும் இறக்குவார்கள், ஸ்டெம் என்பார்கள். மேலே இருக்கும் பலவீனமான எலும்பின் மேல் மட்டும் பாரம் முழுதும் விழாமல் இருக்கத்தான் அது. "எனக்கு மட்டும் ஏன் கம்பி வைத்தார்கள், பக்கத்து பெட்டில் இருந்தவருக்கு வைக்கவில்லையே" என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, உங்கள் எலும்புக்கு அது தேவைப்பட்டிருக்கிறது.

சரி, இப்போது நான் வீடியோ போட்டதற்கான முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் நன்றாக நடந்தவர்கள், ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்தையே சுற்றி வந்தவர்கள், ஒருமுறைகூடத் திரும்பப் போய் எக்ஸ்ரே எடுத்திருக்க மாட்டார்கள். வலி இல்லையே, எதற்கு எக்ஸ்ரே என்பார்கள். செயற்கை மூட்டின் நடுவில் பாலிஎதிலீன் என்று ஒரு கெட்டியான பிளாஸ்டிக் இருக்கிறது. அது உரசி உரசிக் கண்ணுக்குத் தெரியாத துகள் உதிரும். அந்தத் துகளை வெளியாள் என்று நினைத்து உடம்பின் காவல் செல்கள் விழுங்கும், விழுங்கியதைச் செரிக்க முடியாமல் அவை விடும் சமிக்ஞையில் எலும்பைத் தின்னும் செல்கள் கிளம்பும், மூட்டைச் சுற்றி எலும்பு கரைய ஆரம்பிக்கும். இதில் கொடுமை என்னவென்றால் ரொம்ப நாள் வலியே இருக்காது. இப்போது வரும் பிளாஸ்டிக் முன்னைவிட நன்றாக இருக்கிறது, தேய்மானம் குறைவு, ஆனாலும் தேய்மானமே இல்லை என்று சொல்ல முடியாது. வலி வருவதற்குள் மூட்டு ஆட ஆரம்பித்திருக்கும். கடற்கரை மணலில் நட்ட கொட்டகைக் கால் ஒருமுறை ஆட ஆரம்பித்தால் ஒவ்வொரு காற்றுக்கும் தன் குழியைத் தானே பெரிதாக்கும் இல்லையா, எலும்புக்குள் ஆடும் மூட்டும் அதைத்தான் செய்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த ஆறு மாதமும் எலும்பு போகும்.

அப்போது செய்வதுதான் மறு மூட்டு மாற்று, ரிவிஷன் என்பது. எலும்பு இழப்பை டாக்டர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள், ஆண்டர்சன் வகைப்பாடு என்று பெயர். முதல் வகையில் சின்னச் சின்னக் குழிகள், சிமெண்டும் எலும்புத் தூளும் போதும். இரண்டாவதில் மூட்டை ஒட்டிய அகலமான எலும்புப் பகுதி கெட்டிருக்கும், ஒரு பக்கம் மட்டும் என்றால் 2ஏ, இரண்டு பக்கமும் என்றால் 2பி. மூன்றாவதில் அந்தப் பகுதியே பெரும்பாலும் இருக்காது, சில சமயம் முட்டியைப் பிடித்திருக்கும் தசைநார் ஒட்டும் இடமும் சேர்ந்து போயிருக்கும். அப்படிப் போனவர்களுக்கு டான்டலம் என்ற உலோகத்தில் பஞ்சு மாதிரித் துளைகளோடு செய்த கோன் என்னும் கூம்பு, இல்லாவிட்டால் டைட்டானியத்தில் ஸ்லீவ் என்னும் உறை வைப்பார்கள். எலும்பு அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். தசைநாரே இல்லை என்றால் கீல் வைத்த மூட்டுதான். இன்னொன்று, எக்ஸ்ரேயில் தெரிவதைவிட உள்ளே பெரும்பாலும் அதிகமாகவே போயிருக்கும், பழைய மூட்டைக் கழற்றின பிறகுதான் உண்மை தெரியும். அதனால் ரிவிஷனுக்கு எல்லா அளவும் தயாராக வைத்திருக்கும், அடிக்கடி ரிவிஷன் செய்யும் இடத்துக்குப் போங்கள். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மதுரை வரைக்கும் போக வேண்டியிருந்தாலும் போங்கள்.

ரிவிஷனுக்கு முன்னால் கிருமி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும், மூட்டு நீரை ஊசியில் எடுத்துப் பரிசோதனையும் செய்வார்கள். அதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். கிருமி இருந்தால் பெரும்பாலும் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்டைத் தற்காலிகமாக வைத்து, கிருமி போன பிறகுதான் புதியது. நம் கரையில் இதைக் கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாறையில், சிப்பியில் கால் கிழிந்தால் உப்புத் தண்ணியிலேயே ஆறிவிடும் என்று விட்டுவிடுகிறோம். செயற்கை மூட்டு இருப்பவர் அப்படி விடக்கூடாது, சர்க்கரை இருந்தால் நிச்சயமாகக் கூடாது. காலில் புண்ணோ சொத்தைப்பல்லில் சீழோ இருந்தால் கிருமி ரத்தத்தின் வழியே மூட்டுக்குப் போய்ச் சேரலாம்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் மூட்டு இம்ப்ளான்டுக்கு உச்ச விலை வைத்தது. அப்போது சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், ரிவிஷன் மூட்டுக்கு 1,13,950 ரூபாய், வரி தனி. இரண்டாவது முறை என்றால் பொருளுக்கு மட்டுமே இரண்டு மடங்கு என்று அந்தக் கணக்கே சொல்கிறது, அதனால்தான் எலும்பு இருக்கும்போதே கவனியுங்கள் என்று கெஞ்சுகிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதலில் கேளுங்கள். பிளாக், கம்பி எல்லாம் சேர்த்த தொகையா, தனியா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை இன்றைக்கே செய்யுங்கள். ஆபரேஷன் ஆனவர்கள் டிஸ்சார்ஜ் பேப்பரை எடுத்துப் பாருங்கள், அதில் இம்ப்ளான்டின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும், கம்பெனி, அளவு, எண் எல்லாம் அதில் இருக்கும். இல்லை என்றால் மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். பின்னால் கழற்ற வேண்டி வந்தால் அடுத்த டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். கூடவே முதல் எக்ஸ்ரே, அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறையோ டாக்டர் சொல்லும் இடைவெளியிலோ எடுக்கும் எக்ஸ்ரே, எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், பழையதோடு புதியதை வைத்துப் பார்த்தால்தான் எலும்பு எங்கே கரைகிறது என்று தெரியும். நம் ஊர் உப்புக் காற்றில் ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுவில் ஒரு பேப்பர் வையுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள்.