முகாமில் கலைந்த பந்தி

அவையோருக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க முகாம்களில் அடைபட்டு வளர்ந்த ஜப்பானிய வம்சாவளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1942-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்திலிருந்து ரயிலேற வந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன், குருளைச் சாரணர் சீருடையில், கையில் பேஸ்பால் மட்டையோடு நின்றான். அது ஆயுதமாகிவிடும் என்று ராணுவக் காவலர் பிடுங்கிக்கொண்டனர். பின்னாளில் அமெரிக்க அமைச்சரான நார்மன் மினெட்டாதான் அந்தச் சிறுவன்.

அவ்வாண்டு பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் எண் ஆணையின் பேரில், மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுவாசல் துறந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பாதுகாப்புக்காக என்றார்கள். ஜப்பானின் குண்டு விழுந்த ஹவாய்த் தீவுகளிலோ, மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்த இதே இனத்தாரை ஒட்டுமொத்தமாக அடைக்கவில்லை. அவர்கள் உழைப்பின்றித் தீவு இயங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மன்சனார் முகாமிலோ அநாதைக் குழந்தைகளுக்கென்றே ஒரு விடுதி இருந்தது. தொட்டில் குழந்தை எந்த நாட்டுக்கு உளவு பார்க்கும்?

வெறுப்பின் வேர் போருக்கு முந்தியது. ஜப்பானிலிருந்து குடியேறிய முதல் தலைமுறையினர் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1922-இலேயே தீர்ப்பளித்திருந்தது. மறு ஆண்டு, அங்கே குடியேறிய பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் வழக்கில் இந்தியருக்கும் அதே கதவு சாத்தப்பட்டது என்பதை நாம் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

முகாமில் தார்க்காகிதம் போர்த்திய மரக்கொட்டகையில் குடும்பத்துக்கு ஓர் அறை. பலகை இடுக்கு வழியே வந்த புழுதி விடியும்போது போர்வையில் படிந்திருக்கும். சமைக்க அடுப்பு கிடையாது. மூன்று வேளையும் தட்டேந்தி வரிசையில் நின்று பொதுக்கூடத்தில்தான் உண்ண வேண்டும். முதலில் பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டமாகவே இருந்தது. நாளடைவில் அவர்கள் கூட்டாளிகளோடு ஒரு மேசை, தாய் கைக்குழந்தையோடு ஒரு மேசை, தந்தை ஆடவரோடு ஒரு மேசை என்று குடும்பம் கலைந்தது. பிள்ளையைக் கண்டிப்பதும் தேற்றுவதும் கதை சொல்வதும் நம் வீடுகளிலும் சோறு பரிமாறும் வேளையில்தானே நடக்கின்றன? அதோடு, நேற்றுவரை சொந்தமாகத் தொழில் நடத்திய தந்தை மாதம் 12 டாலர் கூலிக்குப் பாத்திரம் கழுவுவதையும், காவலர் முன் வாய்திறவாது நிற்பதையும் பிள்ளைகள் கண்டனர். முள்வேலியைவிட இந்தக் காட்சியே அவர்களை அதிகம் காயப்படுத்தியது என்பது என் கணிப்பு. காலையில் கொடியை நோக்கி ‘அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும்’ என்று உறுதிமொழி சொன்ன அதே பிள்ளைகள்தாம் இவர்கள்.

1988-இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தோருக்குத் தலைக்கு 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது. அதற்குள் பெற்றோர் பலர் காலமாகிவிட்டனர். இருந்தவர்களும் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. இரண்டு பெரியவர்கள் புதிதாகச் சந்தித்தால், “நீங்கள் எந்த கேம்ப்?” என்று கேட்டுக்கொள்வார்கள், அருகில் விளையாடிக்கொண்டிருந்த மூன்றாம் தலைமுறைக் குழந்தைகள், ஏதோ கோடை விடுமுறை முகாமைச் சொல்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டார்கள்.